நூற்றாறாம் நம்பர் கார்டு

பிளானோ, டெக்சஸ்
4 நவம்பர் 2024

விஷாகாவுக்கு,

ஆசீர்வாதம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரமாட்டேன் என்கிறது. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

இதை நீ வேலை பார்க்கிற பல் டாக்டர் ஆபீஸ் விலாசத்துக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் முகுந்த் கவரைப் பிரிப்பார். போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். உன் வாட்ஸப்பை அவர் தினமும் உருட்டுகிறார் என்று நீயே சொன்னாய். ஆனால் வடக்கே செம்பூரில் பிறந்து வளர்ந்த உன் ஆத்துக்காரருக்குத் தமிழ் பேசத்தான் வரும், ஓர் எழுத்துப் படிக்க வராது. கல்யாணத்தின்போது அதைச் சொல்லிக் கேலி பண்ணினேன். இப்போது அது நல்லதாகப் போயிற்று.

சரஸ்வதி பூஜை முடிந்து இருபத்து நாலு நாள் ஆகிறது. ஆபீஸ் வேலையாக அந்தப் பக்கம் வந்த என் ஆத்துக்காரர், பூஜையன்று உன் வீட்டில் சாப்பிடலாம் என்று வந்தார். அவரைக் கையில் விலங்கு போட்டு அழைத்துப் போனார்கள். மூன்று நாள் உள்ளே இருந்தார். இப்போது ஜாமீனில் வந்து, ஹாலில் சோபாவில் படுத்துக் கிடக்கிறார். அவர் மேல் இரண்டு குற்றம். ஒன்று, வாஞ்சிநாதன் பேஸ்பால் மட்டையால் முகுந்தின் காரை எலும்பை உடைத்தார். ஆமாம், உடைத்தார். எனக்கு அதில் ஒரு சொட்டு வருத்தம் கிடையாது. இரண்டாவது, வாஞ்சிநாதன் விஷாகாவைப் பிடித்துத் தள்ளி மணிக்கட்டை உடைத்தார். இது யார் சொன்னது? நீ. ஆஸ்பத்திரியில் போலீஸ்காரியிடம் சொல்லி, அதற்குக் கீழே இடது கையால் கையெழுத்தும் போட்டிருக்கிறாய்.

ஏண்டி, உனக்கு மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதா? ஆம்புலன்ஸிலிருந்து எனக்கு போன் பண்ணியது யார்? "அக்கா, இவர் என் கையை டிராயர்ல வெச்சு நசுக்கிட்டார்க்கா" என்று அலறினாயே, அது இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் உன் 'இவர்' என் ஆத்துக்காரராகிவிட்டாரா?

எல்லாம் அந்தச் சனியன் பிடித்த கார்டுகளால் வந்தது. 1933-ல் ஏதோ ஒரு பபிள்கம் கம்பெனி போட்ட பேஸ்பால் கார்டு, மொத்தம் இருநூற்று நாற்பது. ஷட்டகர்கள் இரண்டு பேரும் பதினோரு வருஷமாகச் சேர்த்தார்கள். அக்கா புருஷனிடம் ஒற்றைப்படை நம்பர், தங்கை புருஷனிடம் இரட்டைப்படை. "ஒருத்தர் இல்லாம இன்னொருத்தருக்கு முழுசாகாது, அதான் இதுல அழகு" என்று முகுந்த் சொன்னபோது நான்கூட உருகிப்போய் ரெண்டு பேருக்கும் இன்னொரு டம்ளர் காபி கொடுத்தேன். விஷத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் லாயர் சுற்றி வளைக்கவில்லை. "என்னைக் காப்பாற்றத்தான் அடித்தார்" என்று நீ ஜட்ஜிடம் சொன்னால் இவர் தப்பிப்பார். சொல்லாவிட்டால் தண்டனை. தண்டனை என்றால் விசா போகும், பதிமூன்று வருஷமாகக் காத்திருக்கிற கிரீன் கார்டு போகும், எங்களை மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். ரக்ஷாவுக்கு ஒன்பது வயது. தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்கிற குழந்தையை நான் எந்த ஊரில் கொண்டுபோய் நிறுத்துவேன்?

ஜனவரி 22 விசாரணை. அதற்குள் வாயைத் திற. இவர் உங்களோடு பேசக் கூடாது என்று ஜட்ஜ் உத்தரவு. எனக்கு அப்படி உத்தரவு இல்லை. நான் எழுதுவது லாயருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

காமாக்ஷி


பிளசன்டன், கலிபோர்னியா
12 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னித்துக்கொள். வலது கையில் இன்னும் மாவுக்கட்டு. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் நாலு வரி, நாலு வரியாக எழுதுகிறேன்.

நீ என்ன திட்டினாலும் எனக்கு வேண்டும்தான். ஆனால் முதலில் தப்புப் பண்ணியது நான். அது உனக்கு முழுசாகத் தெரியாது.

அந்த 106-ஐக் கண்டுபிடித்ததே நான்தான் அக்கா. அந்தக் கம்பெனி 1933-ல் நூற்றாறாம் நம்பரை மட்டும் அச்சடிக்கவே இல்லை. கிடைக்கும் கிடைக்கும் என்று பிள்ளைகள் பபிள்கம் வாங்கிக்கொண்டே இருக்கட்டும் என்று அப்படி ஒரு தந்திரம். கோபித்துக்கொண்டு கடிதம் போட்டவர்களுக்கு மட்டும் மறு வருஷம் அடித்து, பேப்பர் கிளிப் குத்தித் தபாலில் அனுப்பினார்கள். அதனால் அது உலகத்திலேயே சில பேரிடம்தான் இருக்கும். போன செப்டம்பரில் லிவர்மோரில் செத்துப்போன ஒரு கிழவரின் வீட்டுச் சாமான்களை விற்றார்கள். பிஸ்கட் டின்னில் பழைய கடிதங்கள். ஒரு கவருக்குள் அது இருந்தது. மேலே கிளிப் அழுத்தின துருத் தடம். டின்னோடு வாங்கிக்கொண்டு வந்தேன். பதினோரு வருஷமாக சனிக்கிழமை தோறும் அந்த மாதிரி வீடுகளுக்கு அலைந்தது நான், இணையத்தில் ஏலம் பார்த்தது நான். சேகரிப்பாளர்கள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்துப் பேசியது என் ஆத்துக்காரர். அதைப் பற்றி நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை.

பூஜையன்று புஸ்தகம், லேப்டாப், கார் சாவி எல்லாம் வைத்தேன். 106-ஐயும் தாம்பாளத்தில் வைத்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. புதுக் கார் வந்தால் பொட்டு வைக்கிறோம், ஃப்ரிட்ஜ் வந்தால் வைக்கிறோம், மிக்ஸிக்குக்கூட வைக்கிறோம். பிளாஸ்டிக் உறைக்கு மேலே வைத்தால் சாமிக்கு எப்படிப் போய்ச் சேரும் என்று தோன்றியது. உறையிலிருந்து எடுத்தேன். கார்டில் ஆள் முகம் இருந்ததா, நெற்றியில் சந்தனத்தை வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். ஈரச் சந்தனம் அக்கா. தொண்ணூறு வருஷத்துக் காகிதம் அதை அப்படியே குடித்துவிட்டது.

அவர் பார்த்தார். என் கை டிராயருக்குள் கற்பூரம் எடுத்துக்கொண்டிருந்தது. டிராயரைக் காலால் உதைத்து மூடினார். முருங்கைக்காய் முறிகிற சத்தம். திறந்து இன்னொரு தடவை மூடினார்.

அத்திம்பேர் என்ன செய்தார் என்று மட்டும் என்னைக் கேட்காதே.

ஆஸ்பத்திரியில் அவர் என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதார். தனக்குக் காரை எலும்பு போயிருக்கிறது, அப்படியும் குனிந்து பிடித்தார். போலீஸ்காரி வந்தபோது அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் வந்ததைச் சொன்னேன். இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாது, ஆனால் அக்காவுக்குப் போன் பண்ணிக் கேள் என்று அவர் சொல்வது ஒன்று இருக்கிறது. ஒற்றைப்படைக் கார்டு நூற்றிருபதையும் அனுப்பிவிட்டால், மட்டை தவறி விழுந்தது மாதிரி சொல்லிக் கேஸை லேசாக்குவாராம். நான் சொல்லவில்லை அக்கா, அவர் சொன்னதை எழுதுகிறேன். ரக்ஷாவுக்கு என் முத்தம்.

விஷாகா


பிளானோ
20 நவம்பர் 2024

விஷாகாவுக்கு,

படித்தேன். மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை படிக்கையில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு தடவை மூடினானா? உன் கையை நசுக்கினவனுக்கு நான் கார்டு அனுப்ப வேண்டுமா? பார்சல் கட்டி, மேலே நலங்கு பாட்டும் பாடி அனுப்பட்டுமா? அவன் கேட்கிறான், நீ குமாஸ்தா மாதிரி எழுதி அனுப்புகிறாய். நம் அம்மா உன்னைப் பெறும்போது முதுகெலும்பை மறந்து வைத்துவிட்டாளா?

காகிதத்துக்குப் பொட்டு வைத்தது ஒரு தப்பா? அசட்டுத்தனம், அவ்வளவுதான். அதற்குக் கையை உடைப்பார்களா? அதை நீயே தப்பு, தப்பு என்று எழுதுவதைப் பார்த்தால் உன்னையே நாலு அறை அறையலாம் போல இருக்கிறது.

சரி, எனக்கும் ஒன்று தெரியும். இவர் தூங்கும்போது அலமாரியைத் திறந்து அந்த ஆல்பத்தை எடுத்தேன். கொத்தமல்லி வெட்டுகிற கத்தரிக்கோலால் 53-ஐ நடுவில் வெட்டினேன். பாதியை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள். நீ வாயைத் திறக்கிற வரைக்கும் ஒவ்வொன்றாக வெட்டுவேன். உன் ஆத்துக்காரனின் செட் இந்த ஜன்மத்தில் முழுசாகாது. வெட்டும்போது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டாய். அவன் கழுத்தையே வெட்டுகிற மாதிரி இருந்தது.

என் புருஷன் உனக்காக அடித்தார். உன் பொருட்டு ஜெயிலில் கம்பளி இல்லாமல் படுத்தார். அதை ஜட்ஜிடம் சொல்ல உனக்கு என்ன கேடு?

காமாக்ஷி


பிளானோ
2 டிசம்பர் 2024

விஷாகாவுக்கு,

பதில் இல்லை. வாய் செத்துப் போயிற்றா, கையும் செத்துப் போயிற்றா?

இதோடு இரண்டு இருக்கின்றன, 17-ம் 191-ம். இவற்றை வெட்டவில்லை. கேஸ் அடுப்பில் காட்டினேன். பாதி எரிந்ததும் ஊதி அணைத்தேன். அப்பளம் மாதிரி சுருண்டுகொள்கிறது, வேடிக்கையாக இருக்கிறது.

நேற்று பள்ளிக்கூடத்தில் ரக்ஷாவை "உங்க டாட் ஜெயிலுக்குப் போனாராமே" என்று ஒரு குட்டி கேட்டிருக்கிறது. ராத்திரி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். உனக்கு இதெல்லாம் எங்கே உறைக்கப் போகிறது. இன்னும் ஐம்பத்தோரு நாள் இருக்கிறது, என்னிடம் இன்னும் நூற்றுப் பதினேழு கார்டு இருக்கிறது. நீ சொல்கிறாயா, நான் எரிக்கிறேனா, பார்க்கலாம்.

காமாக்ஷி


லிவர்மோர், கலிபோர்னியா
11 டிசம்பர் 2024

அக்கா,

இனி ஒரு கார்டையும் தொடாதே. உன் காலில் விழுந்து கேட்கிறேன்.

அவருக்குத் தமிழ்தான் படிக்கத் தெரியாது. நம்பர் படிக்கத் தெரியும்.

53-ன் பாதி வந்தபோது அன்றைக்கே அதைத் தூக்கிப் போட்டிருக்க வேண்டும். முடியவில்லை. அது சேக்ரமெண்டோ கண்காட்சியில் நானே பொறுக்கினது, அதை எப்படிக் குப்பையில் போடுவேன்? ஹேண்ட்பேக்கில் கைக்குட்டைக்குள் சுற்றி வைத்தேன். மறுநாள் அவர் கார் சாவி தேடுகிறேன் என்று பையைக் கவிழ்த்தார். கடிதமும் கூடவே விழுந்தது. "என்ன எழுதியிருக்கா, படி" என்றார். நான் ரக்ஷாவுக்கு ஜுரம், டான்ஸ் கிளாஸுக்குப் போகவில்லை என்று படித்தேன். உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வாய்க்கு வந்ததை எல்லாம் படித்தேன். "ஜுரத்துக்கு ஏண்டி கார்டை வெட்டணும்?" என்று கேட்டார். அவருடைய ஒரு கையைக் கழுத்தோடு துணியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். இன்னொரு கை அவருக்குப் போதுமாக இருந்தது. முன்பல் ஒன்று உதட்டுக்குள் குத்திக்கொண்டு உடைந்தது.

அடுத்த கவரை நான் பார்க்கவே இல்லை. சாயங்காலம் என்னை அழைத்துப் போக வந்தவரிடம் ரிசப்ஷனில் இருந்த பெண், மிசஸ் முகுந்துக்குத் தபால் என்று சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டாள். காரில் கவரை மடியில் வைத்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குப் போய் கராஜ் கதவு இறங்குகிற வரைக்கும் காத்திருந்தார். பிறகு கவரைப் பிரித்தார். 17 என்றார், வயிற்றில் உதைத்தார். 191 என்றார், நான் விழுந்தபிறகு விலாவில் உதைத்தார். இரண்டு எலும்பு. ஒவ்வொரு நம்பரையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடித்தார் அக்கா. எனக்கு அது கேட்டுக்கொண்டே இருக்கிறது.

என் முதலாளி, டாக்டர் மானஸா, உடைந்த பல்லைப் பார்க்கிறேன் என்று என்னை நோயாளி நாற்காலியில் உட்கார வைத்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். வாயைத் திறந்தேன், பல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள். விளக்கை அணைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, போலீஸைக் கூப்பிட்டாள். அவரைப் பிடித்துப் போய் மறுநாள் விட்டுவிட்டார்கள். என் பக்கம் வரக் கூடாது என்று உத்தரவு. நான் இப்போது லிவர்மோரில் மானஸா வீட்டில் இருக்கிறேன். கீழே இருக்கிற விலாசத்துக்கு எழுது. சிரித்தால் விலா வலிக்கிறது. சிரிக்க ஒன்றும் இல்லை, அதனால் பரவாயில்லை.

விஷாகா


பிளானோ
16 டிசம்பர் 2024

என் கண்ணே விஷாகா,

உன் கடிதத்தைக் காரிலேயே படித்தேன். இந்தியன் கடை வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒரு மணி நேரம் இறங்கவே இல்லை. யாரோ ஒரு ஆன்ட்டி கண்ணாடியைத் தட்டி, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

நான்தான் உன்னை அடித்தேன். அவன் காலால் அடித்தான், நான் ஸ்டாம்ப் ஒட்டி அடித்தேன். எனக்கு அப்படியே என் கையை அந்த அடுப்பில் வைக்க வேண்டும் போல இருந்தது. எரியும்போது வேடிக்கை என்று வேறு எழுதினேனே, பாவி. நீ என்னை மன்னிக்காதே. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு அதிகமாக வலிக்கும்.

மானஸாவிடம் சொல், நான் அவள் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் தினமும் விளக்கேற்றும்போது அவள் பேரைச் சொல்கிறேன். வலி மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள். ரசம் சாதம் மாதிரி மெத்தென்று சாப்பிடு, அந்தப் பக்கத்துப் பல்லால் மெல்லாதே.

விஷாகா, இதைக் கேட்க எனக்கு வாய் கூசுகிறது, ஆனால் கேட்காமலும் இருக்க முடியவில்லை. இப்போது நீ அவன் பிடியில் இல்லை. இப்போதாவது சொல்லிவிடேன். உன்னைக் காப்பாற்றத்தானே இவர் மட்டையை எடுத்தார்? அந்த ஒரு நிமிஷம் இவர் இல்லாவிட்டால் அவன் மூன்றாவது தடவையும் டிராயரைச் சாத்தியிருப்பான் இல்லையா? அந்த ஒரு வார்த்தைதான் நான் கேட்பது. ரக்ஷாவுக்கு இந்த ஊரும் அப்பாவும் இரண்டும் வேண்டும். இதற்கு மேல் நான் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன்.

உன் அக்கா


லிவர்மோர்
27 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். வலது கையால் எழுதுகிற முதல் கடிதம் இது. விரல் இன்னும் முழுசாக மடங்கவில்லை, நிறுத்தி நிறுத்தி எழுதுகிறேன். ஒரு வாரமாக எழுதிக் கிழித்தேன்.

அத்திம்பேர் என்ன செய்தார் என்று கேட்காதே என்று எழுதியிருந்தேன். நீ கேட்டுவிட்டாய். சொல்கிறேன்.

டிராயரை முதல் தடவை மூடியபோது அத்திம்பேர் என்னிடமிருந்து நாலு அடி தூரத்தில், சுண்டல் கிண்ணத்தோடு நின்றார். நான் "அத்திம்பேரே" என்று கத்தினேன். அவர் திரும்பினார். என்னைப் பார்த்தார். பார்த்தார் அக்கா, அது எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு தாம்பாளத்தைப் பார்த்தார். "அடிப்பாவி, என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே" என்றார். என்னிடம்தான் சொன்னார்.

இரண்டாவது தடவை மூடியபோது அவர் போன் டார்ச்சைப் போட்டு, கார்டுக்கு மேலே குனிந்து, சந்தனம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி படக் கூடாது, யாரும் தொடாதீங்கோ, ஒரு ஸ்பெஷலிஸ்ட் இருக்கார், எடுத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கை டிராயருக்குள்ளேயே இருந்தது.

முகுந்த் என்னை விட்டுவிட்டு ஓடிப்போய், குழந்தைகளுக்குத் துடைக்கிற ஈரத்தாளைக் கொண்டு வந்தான். அத்திம்பேர், "வேண்டாம்டா, வேண்டாம்டா முகுந்த், சொன்னாக் கேளு" என்று கெஞ்சினார். அவன் தேய்த்தான். சந்தனத்தோடு அந்தக் கார்டில் இருந்த ஆளின் முகமும் உரிந்து வந்துவிட்டது. வெள்ளையாகத் தெரிந்தது.

அப்போதுதான் அத்திம்பேர் சுவரில் மாட்டியிருந்த மட்டையை எடுத்தார். முதல் அடி தோளில். முகுந்த் விழுந்துவிட்டான். விழுந்தபிறகு முழங்கையில் ஒன்று, முதுகில் ஒன்று. "பதினோரு வருஷம்டா, பதினோரு வருஷம்" என்று ஒவ்வொரு அடிக்கும் சொன்னார். என் பேரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நான் டிராயரை இடது கையால் நானே திறந்து, கையை எடுத்துக்கொண்டு, மாடிப்படியில் உட்கார்ந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

அதனால்தான் போலீஸ்காரி கேட்டபோது அந்த மாதிரி வந்துவிட்டது. முகுந்த் பார்த்த பார்வையில் பயந்தேன், நிஜம்தான். ஆனால் அத்திம்பேர் மேல் பழியைப் போடும்போது எனக்கு மனசு பெரிதாக உறுத்தவில்லை. அதையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும்.

அத்திம்பேர் என் கையை உடைக்கவில்லை என்பதை 22-ம் தேதி எப்படியும் சொல்லிவிடுவேன். அது பொய், நான் சொன்ன பொய், நானே எடுத்துவிடுகிறேன். மட்டையை எதற்கு எடுத்தார் என்று ஜட்ஜ் கேட்பார். என்னைக் காப்பாற்ற என்று சொல்லச் சொன்னால் சொல்கிறேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமாகிவிட்டது, உனக்காகவும் ரக்ஷாவுக்காகவும் இன்னும் ஒன்று சொல்லலாம். நடந்ததைச் சொல்லச் சொன்னால் அதைச் சொல்கிறேன். நீ எழுதுவதுபோல் செய்கிறேன் அக்கா. எதுவாக இருந்தாலும் நான் உன் மேல் கோபப்பட மாட்டேன்.

விஷாகா


பிளானோ
6 ஜனவரி 2025

விஷாகா,

உன் கடிதத்தை முதலில் நான் நம்பவில்லை. இவளுக்கு என்ன வந்தது, என் புருஷனைப் போய் இப்படி எழுதுகிறாளே என்று கொதித்தேன். இரண்டு நாள் அதை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாடு போட்டுவிட்டு இவரிடம் கேட்டேன். கடிதத்தைக் காட்டவில்லை, சும்மா பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். "ஏன்னா, அன்னிக்கு மட்டைய எடுத்தப்போ உங்களுக்கு என்ன தோணித்து?" இவர் மோர் சாதத்தைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "அவன் அதத் தொடைச்சிருக்கக் கூடாதுடி. நான் சொல்லிண்டே இருந்தேன். தொடைச்சிருக்கவே கூடாது." நான் காத்திருந்தேன். உன் கையைப் பற்றி ஏதாவது வரும் என்று அவர் கை கழுவிவிட்டு வருகிற வரைக்கும் காத்திருந்தேன். வரவில்லை.

"கார்டுக்காகத்தான் அடிச்சேளா?" என்று கேட்டேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "அப்படின்னா கேட்டுக்கோங்கோ, மூணு கார்டை நான் வெட்டி எரிச்சுட்டேன்" என்று சொன்னேன்.

அலமாரியைத் திறந்து பார்த்தார். ஆல்பத்தில் காலியாக இருந்த மூன்று உறைகளையும் விரலால் தடவினார். திரும்பி வந்து என் கழுத்தைப் பிடித்து மளிகை அலமாரிக் கதவோடு சாத்தினார். பதினாலு வருஷத்தில் என் மேல் கை வைத்ததில்லை, விஷாகா. கோபப்பட்டால் சாப்பிடாமல் இருப்பார், அவ்வளவுதான். என் கால் தரையில் இல்லை. கண்ணுக்குள் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் முகம் ரொம்பக் கிட்டத்தில் இருந்தது, ஆனால் அவர் என்னைப் பார்க்கவில்லை.

ரக்ஷா சமையலறை வாசலில் நின்றாள். கையில் என் போன். கத்தவில்லை, அழவில்லை. "அம்மா, ஷுட் ஐ கால் நைன் ஒன் ஒன்?" என்று என்னைத்தான் கேட்டாள். அந்தக் குரலைக் கேட்டு அவர் கையை விட்டார். நான் தரையில் உட்கார்ந்து, இருமிக்கொண்டே, வேண்டாம் என்று அவளுக்குத் தலையாட்டினேன்.

ஆமாம், வேண்டாம் என்றுதான் சொன்னேன். விசா போய்விடுமே, கேஸ் கெட்டுப்போகுமே என்று. மூச்சு வருவதற்கு முன்னால் அந்த யோசனை வந்துவிட்டது. நீ ஆஸ்பத்திரியில் ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டு உன்னை எத்தனை வசவு வைதேன். எனக்கு முதுகெலும்பு பற்றிப் பேச வாய் இருந்ததே.

இப்போது அவர் சோபாவில் இல்லை. அவரோடு வேலை பார்க்கிற வெங்கடகிருஷ்ணன் வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டேன், போய்விட்டார். ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போனார். என் கழுத்தில் நாலு விரல் தடம் நீலமாக இருக்கிறது. லாயருக்கு போன் பண்ணி, நான் உன்னோடு எழுதிக்கொண்டதைச் சொன்னேன். கத்தினார். கத்தட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நடந்ததை நடந்தபடி சொல். டார்ச்சைச் சொல். சுண்டல் கிண்ணத்தைச் சொல். நீ கூப்பிட்டதையும் அவர் திரும்பிப் பார்த்ததையும் விடாதே. முகுந்த் செய்தது, இவர் செய்தது, இரண்டையும் சொல். ஒருத்தரைக் காப்பாற்ற இன்னொருத்தரைக் குறைக்காதே. என் கடிதங்களை வேண்டுமானால் ஜட்ஜிடம் கொடு, மொழிபெயர்த்துப் படிக்கட்டும். எனக்கு அவமானம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

விசா போகும். தெரியும். ரக்ஷாவை உட்கார வைத்து அதையும் சொன்னேன். "வில் சித்தி பி ஓகே?" என்று கேட்டாள். நான் இரண்டு மாசமாகக் கேட்காத கேள்வி.

விசாரணையன்று மனைவியும் குழந்தையும் இவருக்குப் பின்னால் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால் ஜட்ஜ் மனசு இளகும் என்று லாயர் முன்பு சொல்லியிருந்தார். முதல் வரிசையில்தான் உட்காரப் போகிறேன், ஆனால் அந்தப் பக்கம் இல்லை. நீ எந்தப் பக்கம் இருக்கிறாயோ அங்கே. கழுத்தில் துப்பட்டா சுற்றிக்கொள்ள மாட்டேன். நீ பேசும்போது பயமாக இருந்தால் என்னைப் பார். நான் அழுதால் நிறுத்தாதே, சொல்லி முடி.

20-ம் தேதி காலையில் ஓக்லண்டில் இறங்குகிறோம். ரக்ஷாவின் பள்ளிக்கூடத்தில் டி.சி. வாங்கிவிட்டேன். திரும்பி வர டிக்கெட் எடுக்கவில்லை.

உன் அக்கா
காமாக்ஷி